உப்புக் கிணற்றின் குற்றத்துக்கு நல்ல கிணறு பூட்டப்பட்டது பற்றி

அனுப்புவது:
முனியசாமி மகன் கன்னையன், வயது நாற்பத்தேழு,
முன்னாள் ஏலத்தோட்டக் கணக்கப்பிள்ளை, தற்போது விவசாயம்,
ராசிங்காபுரம், போடிநாயக்கனூர் வழி.

பெறுவது:
மகாராஜராஜஸ்ரீ தாசில்தார் அவர்கள் சமூகம்,
பெரியகுளம் தாலுகா.

விஷயம்: ராசிங்காபுரம் சர்வே நம்பர் 318 புஞ்சையில் மனுதாரரின் குடிதண்ணீர்க் கிணற்றுக்கு இட்ட முத்திரையை நீக்கவும், அதை மண் போட்டு மூடும்படி வந்த நோட்டீசை ரத்துச் செய்யவும் வேண்டிக்கொள்வது.

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

1. மனுதாரனாகிய நான் குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் பத்தொன்பது வருஷம் கணக்கு எழுதியவன். ஏலக்காயை எடை பார்த்து எழுதிய கை ஆகையால், உள்ளதை உள்ளபடி எழுதுவதே என் வழக்கம். ஆனாலும் இந்த மனுவில் அங்கங்கே சந்தோஷம் எட்டிப் பார்க்கிறது. புகார் மனுவில் சந்தோஷத்துக்கு இடமில்லை என்பது தெரியும். மூன்று காகிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். நான்காவதிலும் அது வந்து உட்கார்ந்துவிட்டது. தாங்கள் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. மலைக்காய்ச்சல் விடாமல் அடித்ததால் தோட்ட வேலையை விட்டு இறங்கி வந்தேன். ராசிங்காபுரத்துக்கு மேற்கே எனக்கு நாலு ஏக்கர் புஞ்சை உண்டு. மேற்கே பார்த்தால் மலை முழுக்கப் பச்சை; குனிந்து பார்த்தால் காலடியில் புழுதி. மழை மலையிலேயே நின்றுவிடும். ஊர்ப் பெண்கள் குடிதண்ணீருக்குக் கண்மாய்க்குப் போவார்கள். கோடையில் கண்மாயில் தண்ணீர் என்று எதைச் சொல்வது? மாடு படுத்து எழுந்த குட்டையில் சேலையை விரித்து வடிகட்டி மொண்டு வருவார்கள். என் மனைவி முத்துப்பேச்சியும் இரண்டு வருஷம் அப்படித்தான் மொண்டு வந்தாள்.

3. பரிதாபி வருஷம் பங்குனியில் கிணறு வெட்டத் தீர்மானித்தேன். கவைக்குச்சி பிடித்துத் தண்ணீர் பார்க்கிற ஒருவர் வந்தார். குச்சி ஓரிடத்தில் சுழன்றது. அந்த இடம் வேண்டாம் என்று என் மனைவி சொன்னாள். பத்தொன்பது வருஷம் கணக்கு எழுதிய எனக்கா தெரியாது என்று எண்ணி, அவள் பேச்சை நான் கேட்கவில்லை. இருபத்து நாலு அடியில் தண்ணீர் கண்டது. வாயில் வைத்தால் நாக்கு பின்வாங்கியது. அப்படி ஓர் உப்பு. பருப்பு வேக வைத்தால் காலையில் ஏற்றியது மாலையிலும் கல்லாய்க் கிடந்தது. எங்கள் செவலைக் காளை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தது. ஊரார் அதற்கு உப்புக் கிணறு என்று பெயர் வைத்து, அந்தப் பெயரோடு என் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். வருஷத்தின் பெயரும் பரிதாபிதானே என்று ஆறுதல் பட்டுக்கொண்டு அதை அப்படியே விட்டுவிட்டேன்.

4. அடுத்த தை மாதம் என் மனைவி தண்ணீர் பார்த்தாள். குச்சியும் இல்லை, மந்திரமும் இல்லை. அடுப்படியில் இருந்த பழைய பானைகள் ஏழையும் எடுத்துப் போய், நிலத்தில் ஏழு இடத்தில் சாணம் மெழுகிக் கவிழ்த்து, ஓரத்தில் மண் அணைத்துவிட்டு வந்தாள். மறுநாள் விடிந்ததும் ஒவ்வொன்றாய் நிமிர்த்தினாள். ஆறு பானை காய்ந்து கிடந்தன. ஏழாவது பானையின் உள்வயிறு முழுக்க வியர்த்திருந்தது. அவள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இங்க வந்து கையை உள்ள விட்டுப் பாருங்க. இது சும்மா ஈரமில்லீங்க. கீழ இருந்து ஒருத்தி மூச்சு விடுறா.” அந்த இடம் உப்புக் கிணற்றிலிருந்து சரியாக அறுபது தப்படி. அறுபது தப்படியில் உப்பு எப்படி இனிப்பாகும் என்று நான் கேட்டேன். “ஒரே வயித்துல பொறந்த அண்ணன் தம்பி ஒரே மாதிரியா இருக்காக?” என்றாள். என் தம்பியைத் தாங்கள் அறியமாட்டீர்கள். எனக்கு அந்தப் பதில் போதுமானதாயிருந்தது.

5. கிணறு வெட்டும் மேஸ்திரி சோணை என்பவர் தன் ஆட்களோடு வந்தார். முப்பது அடி வரை மண்ணும் சுக்கான் கல்லும் வந்தன. அதற்குக் கீழே பாறை. ஈரம் மட்டும் இருந்தது, தண்ணீர் இல்லை. சோணை மேலே வந்து, “அண்ணே, இதுக்கு மேல எனக்கு நம்பிக்கை இல்ல. மூடிட்டு வேற சோலியைப் பாப்போம்” என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். என் மனைவி கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள். “ஒரு வெடி வச்சுப் பாருங்க அண்ணே. அதுலயும் வரலைன்னா நானே மண்ணை அள்ளிப் போடுறேன்” என்றாள். பங்குனி ஒன்பதாம் தேதி பகலில் வெடி வைத்தார்கள்.

6. புகை அடங்கியபின் சோணை கயிற்றைப் பிடித்து இறங்கினார். கடப்பாரையால் ஒரு பலகைக் கல்லை நெம்புகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் இல்லை. பிறகு கீழேயிருந்து, ஐயா, இதை எழுதும்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது, “கயித்தை இழுங்கடா! வெரசா இழுங்கடா! தண்ணி முழங்காலுக்கு வந்துருச்சு! அடேய், இடுப்புக்கு வந்துருச்சுடா!” என்று கூச்சல். எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். சோணை தலைப்பாகை போய், கடப்பாரை போய், நெஞ்சு வரை நனைந்து, வாய் கொள்ளாச் சிரிப்போடு மேலே வந்தார். தான் பிழைத்ததற்குச் சிரிக்கிறாரா, தண்ணீர் வந்ததற்குச் சிரிக்கிறாரா என்று கேட்டதற்கு அவருக்கே தெரியவில்லை.

7. முதல் வாளியை என் மனைவி மொண்டாள். கலங்கிச் சிவப்பாயிருந்தது. தெளியட்டும் என்று எல்லோரும் சொல்லச் சொல்ல, அவள் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நாங்கள் இருபது பேர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு சொன்னாள்: “மண்ணு ருசி இருக்கு. உப்பு இல்ல.” அவ்வளவுதான். அதற்குமேல் அங்கே யார் யாரைக் கட்டிப் பிடித்தார்கள், யார் யார் மேல் சேற்றை வாரி இறைத்தார்கள் என்பதற்கு என்னிடம் கணக்கில்லை. செவலைக் காளை அவிழ்த்துக்கொண்டு வந்து வாளியில் முகத்தைப் புதைத்தது. அதை இழுத்தோம், வரவில்லை.

8. பொழுது சாய்வதற்குள் கிணற்றில் இரண்டு ஆள் ஆழம் தண்ணீர் நின்றது. அந்த ஆழத்துக்கு ஆதாரம் என்னவென்றால், வேட்டியும் துண்டும் தலைப்பாகையுமாக நான் அதில் குதித்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. அது குதித்தபின்தான் நினைவுக்கு வந்தது. சோணை கயிறு போட்டு இழுத்தார். இந்த விவரம் மனுவுக்குச் சம்பந்தமற்றது என்று தாங்கள் கருதலாம். தண்ணீரின் அளவைப் பற்றிச் சர்க்காருக்குச் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காகவே வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

9. தண்ணீரின் குணத்தையும் சோதித்தோம். துவரம்பருப்பு ஒரு கொதியில் மலர்ந்தது. சீயக்காய் நுரைத்தது. வெண்கலச் செம்பில் மூன்று நாள் வைத்தும் அடியில் எதுவும் படியவில்லை. நான் மலையில் குடித்த ஓடைத் தண்ணீருக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல எனக்கு நாக்குப் போதாது. ஒரு மாதத்துக்குள் முப்பது வீட்டார் எங்கள் கிணற்றுக்கு வரத் தொடங்கினார்கள். விடியற்காலையில் குடங்கள் வரிசையாய் வரும்; பெண்கள் பேசுகிற சத்தத்தில் எனக்கு விழிப்பு வரும். சோணை உள்ளே இறங்கப் படி வெட்டினார்; காளை பூட்டித் தண்ணீர் இறைக்கக் கமலை மரம் நட்டோம். மிளகாய் நாற்றுப் பாவினேன். நாற்பது வாழைக்கன்று வைத்தேன்.

10. இனி என் குறை. சித்திரை மாதம் சுற்று வட்டாரத்தில் வாந்திபேதி பயம் வந்தது. சர்க்கார் எல்லாக் கிணறுகளையும் பார்க்க உத்தரவிட்டது. அது மிகவும் நல்ல உத்தரவு. அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சித்திரை எட்டாம் தேதி நானும் என் மனைவியும் கமலைக்குக் கயிறும் தோல் பையும் வாங்கப் போடிச் சந்தைக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் நிலத்தில் பூட்ஸ் கால் சுவடு. சாலையிலிருந்து நேரே உப்புக் கிணற்றின் வாய்வரை வந்து, அங்கே கொஞ்சம் சுற்றி, நேரே திரும்பிப் போயிருந்தது. நல்ல கிணற்றுப் பக்கம் ஒரு சுவடும் இல்லை. யாரோ வழி தவறியவர் என்று எண்ணிச் சும்மாயிருந்தோம்.

11. வைகாசி ஐந்தாம் தேதி நோட்டீசு வந்தது. சர்வே நம்பர் 318-ல் உள்ள கிணற்றின் நீர் சோதிக்கப்பட்டதென்றும், அது மனிதர் குடிக்கத் தகாதது என்று முடிவு வந்திருப்பதாகவும், கிணற்றை உடனே அடைத்து, வைகாசி முப்பதாம் தேதிக்குள் மண் போட்டு மூட வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. ஏழாம் தேதி ஒரு சேவகர் ஆட்களோடு வந்தார். விஷயம் தெரிந்து முப்பது வீட்டாரும் ஓடி வந்து, அவர் முள் வெட்டி முடிப்பதற்குள் கிடைத்த பாத்திரத்திலெல்லாம் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போனார்கள். நான் இரண்டு கிணற்றையும் காட்டி, கெட்டது அது, நல்லது இது என்று மன்றாடினேன். அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “காயிதத்துல ஒரு கிணறுதான் எழுதியிருக்கு. படியும் கமலையும் இருக்கிறதுதான் கிணறு. அது வெறும் பள்ளம்” என்று சொல்லி, நல்ல கிணற்றைச் சுற்றி முள் அடைத்து, படி வாசலில் சங்கிலி போட்டு, அரக்கு முத்திரை வைத்துப் போய்விட்டார். அவர் தன் கடமையைச் செய்தார். ஆனால் ஐயா, உப்புக் கிணறு குற்றம் செய்ததற்கு நல்ல கிணறு சிறையில் இருக்கிறது.

12. என் மனைவி அன்று சாப்பிடவில்லை. முள்வேலிக்கு வெளியே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “முப்பதாம் தேதி மண்ணு கொண்டு வந்தாகன்னா என்னையும் உள்ள வச்சு மூடச் சொல்லுங்க” என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள். பெண்கள் மறுபடியும் கண்மாய்க்கு நடந்தார்கள். வாழைக்கன்றுகளுக்கு நாங்கள் உப்புத் தண்ணீரை ஊற்றவில்லை; காயட்டும் என்று விட்டோம்.

13. நேற்று, வைகாசி பதினோராம் தேதி, முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சுகாதார இன்ஸ்பெக்டர் தேவசகாயம் அவர்கள் தாமே போடியிலிருந்து நடந்து வந்தார். உச்சி வெயில். முதலில் கிராம முன்சீப் வீரணன் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டார். முன்சீப் வீட்டில் மூன்று மண்பானையில், பூட்டுவதற்கு முன் மொண்டு வைத்த தண்ணீர் இருந்தது. ஒரு செம்பு கொடுத்தார்கள். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். அதையும் குடித்துவிட்டு மூன்றாவது கேட்டார். பிறகு துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டு, “இந்த வெயில்ல இப்படி ஒரு தண்ணி நான் குடிச்சதே இல்ல. எந்தக் கிணத்துத் தண்ணிங்க இது?” என்று கேட்டார்.

14. முன்சீப் அவர்கள் பொய் சொல்லத் தெரியாதவர். அதனால் அவருக்குப் பல கஷ்டம் வந்திருக்கிறது. “நீங்க பூட்டுன கிணத்துத் தண்ணிதாங்க” என்றார்.

15. இன்ஸ்பெக்டர் செம்பைக் கீழே வைத்தார். பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழலையும் சிறு புட்டியையும் எடுத்தார். குழலில் தண்ணீர் ஊற்றி, உப்பைக் காட்டிக் கொடுக்கும் மருந்து ஒரு சொட்டு விட்டார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. இன்னொரு சொட்டு விட்டார். அப்படியேதான் இருந்தது. சித்திரையில் இந்த மருந்தை விட்டதும் பால் திரிந்த மாதிரி வெள்ளையாய்ப் போயிற்றே என்று தமக்குள் சொல்லிக்கொண்டே எழுந்து எங்கள் நிலத்துக்கு வந்தார். பின்னாலேயே முன்சீப், சோணை, குடம் இடுப்பில் வைத்த பெண்கள் எல்லோரும் வந்தார்கள். முள்வேலியருகே நின்று நல்ல கிணற்றைப் பார்த்தார். “நான் பார்த்தது இது இல்லையே” என்றார். பிறகு தப்படி எண்ணிக்கொண்டு அறுபது நடந்து உப்புக் கிணற்றின் வாயில் போய் நின்றார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

16. “ரெண்டு கிணறா?” என்று அவர் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். “ஆமாங்க. அது எங்க வீட்டுக்காரரு பாத்த கிணறு. இது நான் பாத்த கிணறு.” முதலில் சிரித்தவர் சோணை. அப்புறம் முன்சீப். அப்புறம் இன்ஸ்பெக்டர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, உப்புக் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஐந்து நாளாக முகம் கொடுத்துப் பேசாத என் மனைவி சிரித்தாள். ஐயா, என்னைப் பார்த்துத்தான் எல்லோரும் சிரித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். என் வாழ்நாளில் அதைவிடச் சந்தோஷமாக நான் நின்றதில்லை.

17. உடனே சங்கிலியை அவிழ்த்துவிடுங்கள் என்று கேட்டோம். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று, அது தம் கையில் இல்லை என்றார். காகிதம் மேலே போய்விட்டது; முத்திரை தாலுகாவினுடையது; தாசில்தார் அவர்கள் உத்தரவு வேண்டும். “நீங்க என் மேல ஒரு புகார் மனு எழுதுங்க. நானே சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்” என்றார். அதன்படியே அவர் முன்சீப் வீட்டில் தங்க, இன்று நான் இந்த மனுவை எழுதுகிறேன். பதினோராம் பாராவில் ‘இன்ஸ்பெக்டரின் கவனக்குறைவால்’ என்று சேர்க்கும்படி அவரே வற்புறுத்தினார். மூன்று செம்பு தண்ணீர் குடித்த மனிதர்மேல் அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. ‘வெயிலின் கொடுமையால்’ என்று எழுதலாமே என்றேன். அது பொய் என்றார். இருவரும் ஒரு நாழிகை வாதாடி, இரண்டையும் எழுதாமல் விட்டோம்.

18. ஆகையால் ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, நல்ல கிணற்றின் முத்திரையை நீக்க உத்தரவிட வேண்டும். மண் போட்டு மூடும்படி வந்த நோட்டீசை வீணாக்க வேண்டாம். அதை உப்புக் கிணற்றுக்கு மாற்றிக் கொடுத்தால், அதை நானே, என் கையாலேயே, முப்பதாம் தேதிக்கு முன்பே மூடிவிடுகிறேன். இனிமேல் காகிதங்களில் சர்வே நம்பர் 318-க்கு எதிரே இருக்கிற அந்த ஒரு கிணறு நல்ல கிணறுதான் என்று எழுதச் சொல்ல வேண்டும். இன்ஸ்பெக்டர் அவர்கள்மேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று என் மனைவி முக்கியமாகச் சொல்லச் சொன்னாள். பிழையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றுகிற உத்தியோகஸ்தர் எங்கள் பக்கத்துக்கு அடிக்கடி வருவதில்லை.

19. சந்தேகம் மீதியிருந்தால் ஐயா அவர்களே நேரில் வந்து பார்க்க வேண்டும். வருகிற நாளைச் சொல்லி அனுப்பினால் போடியிலிருந்து வில்வண்டி பூட்டி அழைத்து வருகிறேன். ஆனால் தாமதிக்க வேண்டாம். நேற்று மாலை மலையில் இடி கேட்டது. இன்று காலை முள்வேலி வழியாக எட்டிப் பார்த்தேன். சோணை வெட்டிய படியில் மேலிருந்து ஒன்பதாவது படி நேற்று வரை தெரிந்தது, இன்று தெரியவில்லை. தண்ணீர் ஏறி வந்துகொண்டிருக்கிறது ஐயா. உத்தரவுக்கு அது காத்திருப்பதாகத் தோன்றவில்லை.

இடம்: ராசிங்காபுரம்
தேதி: ஆனந்த வருஷம் வைகாசி மாதம் 12, திங்கட்கிழமை
(1914 மே 25)

தங்கள் உத்தரவை எதிர்நோக்கியிருக்கும்,
மு. கன்னையன்

மேற்படியாரின் மனைவி முத்துப்பேச்சி, இடது கைப் பெருவிரல் ரேகை.

சாட்சி: வீரணன், கிராம முன்சீப். படித்துப் பார்த்தேன். சரி.

சாட்சி: சோணை, கிணறு வெட்டும் மேஸ்திரி, பெருவிரல் ரேகை. கடப்பாரை இன்னும் கிணற்றுக்குள் கிடக்கிறது என்பதையும் எழுதச் சொன்னார்.

சாட்சி: இ. தேவசகாயம், சுகாதார இன்ஸ்பெக்டர். மனுவில் என்னைப் பற்றிக் கண்டது யாவும் உண்மை. தாசில்தார் அவர்கள் நேரில் வருவதாயின், உடன் வர எனக்கும் அனுமதி தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கிணறு என்று இப்போது எனக்குத் தெரியும்.